பட்டியலில் இல்லாத காரணம்

கமாக்காவுக்கு வேலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழே நிமிடத்தில். பதினோரு வருடம் ஒரே கம்பெனியில் வெப்சைட் கட்டிக்கொடுத்தவளை அனுப்புவதற்கு அவர்களுக்கு ஏழு நிமிடம் போதுமாக இருந்தது. வீடியோ அழைப்பில் மனிதவளத் தலைவர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அதிலும் இவள் பெயரைத் தப்பாகப் படித்தார். இவள் வாயைத் திறப்பதற்குள் திரை இருண்டுபோனது, மெயிலுக்குள் போகப் பார்த்தால் கதவைச் சாத்திவிட்டார்கள். அடப்பாவிகளா, சமையல்கட்டுக்குள் வந்த பூனையை விரட்டுகிறவன்கூட இரண்டு தடவை சூ சூ என்று சொல்லிப் பார்ப்பான்.

கமாக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஆயிரம் வரிக்கு நடுவே எவனோ விட்டுத்தொலைத்த ஒரு கமாவை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. கணவர் மட்டும் அக்காவை விட்டுவிட்டு வெறும் கமா என்பார்.

வேலை போனால் என்ன செய்ய வேண்டும் என்பது, வேலையில் இருக்கிற எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. தம்பி போன் போட்டு, புதுசாக ஏதாவது கற்றுக்கொள் என்றான். அவன் கடைசியாகக் கற்றுக்கொண்டது சைக்கிள். நாத்தனார், வீட்டிலிருந்தே துணி விற்கலாமே என்றாள். சித்தப்பா ஒரு படி மேலே போய், இதெல்லாம் இப்போது மிஷினே எழுதிவிடுகிறதாமே, உன்னை எதற்கு வைத்திருப்பான் என்று கேட்டார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே சொந்தக்காரர்களைப் படைத்திருக்கிறான் ஆண்டவன். எல்லோருக்கும் சரி, சரி என்று சொல்லிவிட்டு, போனைத் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். சாயங்காலம்வரை குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தரை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று வாரம் விண்ணப்பம் போட்டாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் வயதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு வெப்சைட் செய்கிற ஒரு சின்ன இடத்தில் கூப்பிட்டார்கள். அதை நடத்துகிற அம்மாள் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. கெட்டுப்போன ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, இதைச் சரி பண்ணுங்கள் என்றார். காபி ஆறுவதற்குள் பண்ணிவிட்டாள். திங்கட்கிழமையே வந்துவிடுங்கள், பழைய இடத்திலிருந்து விலகல் கடிதத்தை மட்டும் கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். படியிறங்கும்போது கமாக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. விலகலுக்கான காரணம்: திறன் போதவில்லை.

அவள் அதை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். பிறகு தன்னோடு அனுப்பப்பட்ட மற்ற பதின்மூன்று பேருக்கும் போன் போட்டாள். எல்லோருக்கும் அதே வாசகம். பதினான்கு பேருக்கு ஒரே செவ்வாய்க்கிழமையில் ஒன்றாகத் திறன் வற்றிப்போனதாம்! விஷயம் என்னவென்றால், ஆளைக் குறைக்கிறோம் என்று எழுதினால் சட்டப்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும், நஷ்ட ஈடும் தர வேண்டும். ஆளுக்குத் திறமை இல்லை என்று எழுதிவிட்டால் ஒன்றும் வேண்டாம். கம்பெனிக்காரன் பையை இறுக்கிக்கொள்ள இவள் மூஞ்சியில் கரி. அந்தக் கரியோடு திங்கட்கிழமை எந்த இடத்தில் போய் நிற்பது?

வெள்ளிக்கிழமை நேரே ஆபீஸுக்குப் போனாள். பதினோரு வருடம் நுழைந்த வாசலில் கழுத்தில் விருந்தினர் அட்டையை மாட்டிவிட்டார்கள். கடிதம் அடிக்கிற பெண் சின்னப்பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாவம், எழுந்து நின்று நாற்காலி போட்டாள்.

"இந்தக் காரணத்தை மாத்திக் கொடும்மா. இது பொய்."

அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "முடிஞ்சா நானே மாத்திடுவேன்க்கா. இதுல ரெண்டே ரெண்டு காரணம்தான் இருக்கு. 'தானே விலகினார்', 'திறன் போதவில்லை.' வேற எதுவும் போட சிஸ்டம் விடாது."

கமாக்கா திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பட்டை, வலது ஓரத்தில் கொஞ்சம் உருண்டையான பொத்தான்.  அது அவள் கட்டிய பக்கம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அதில் மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றாவது, 'பணியிடம் நீக்கப்பட்டது.' ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மனிதவளத் தலைவர் காபிக் கோப்பையும் கையுமாக வந்து, அந்த மூன்றாவது தேவையில்லை, தூக்கிவிடுங்கள் என்றார். எதற்கு என்று இவள் கேட்கவில்லை. பசி வேறு. இரண்டே நிமிட வேலை. முடித்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள். பதினோரு வருடத்தில் விட்டுப்போன கமா ஒன்றைக்கூட விடாதவள், அன்றைக்கு ஒரு முழுக் காரணத்தையே விட்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்பதைப் பிறத்தியாருக்குச் சொல்லும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் அழிக்க மாட்டார்கள். நாளைக்கே திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்று பயந்து, வேண்டாத வரியைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி போட்டுவிடுவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்துக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். கூடவே யார் மறைத்தது, எதற்கு என்று ஒரு குறிப்பும் எழுதி வைப்பார்கள். கமாக்கா அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். மவுஸில் வலது பொத்தானை அமுக்கி, பக்கத்தின் உள்வரிகளைத் திறந்தாள். இருந்தது. 'பணியிடம் நீக்கப்பட்டது' என்ற வரி. அதன் கீழே தேதி, இவள் பெயர், 'மனிதவளத் தலைவர் சொன்னபடி மறைக்கப்பட்டது' என்ற குறிப்பு. போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

யார் போய்ச் சொன்னார்களோ என்னவோ, மனிதவளத் தலைவரே வந்துவிட்டார். சிரித்த முகம். இவளைத் தனியே கூப்பிட்டு, உங்களுக்காக ஓர் உதவி செய்கிறேன், தானே விலகியதாகப் போட்டு இப்போதே கையெழுத்திட்டுத் தருகிறேன், மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றார். கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது அவளுக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர், வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டும், பழையபடி சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஊரில் எல்லோருமா நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபம் அவர்மேல் இல்லை. ஆறு வருடமாக அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை கடிதம் போயிருக்கும் என்று அவள் மனசு எண்ணத் தொடங்கியிருந்தது. எண்ணிக்கொண்டே போய் ஒரு முகத்தில் நின்றது.

பென்சில். ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளன், அதுவும் அங்கே வைத்த பெயர்தான். எந்தப் பக்கத்தையும் முதலில் தாளில் பென்சிலால் வரைந்து பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவான். நாலு வருடத்துக்கு முன்னால் அவனைத் திறன் போதவில்லை என்று அனுப்பினார்கள். கடிதத்தை இவளிடம்தான் முதலில் காட்டினான். இவள் அதை நம்பினாள். நம்பியதோடு விட்டாளா, நீயும் காலத்துக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கலாம்ப்பா என்று புத்திமதி வேறு சொல்லி அனுப்பினாள். தம்பியையும் சித்தப்பாவையும் திட்ட இவளுக்கு எந்த வாய் இருக்கிறது?

அன்று சாயங்காலமே போன் போட்டாள். அவன் இப்போது ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதற்குக் கணக்கு வைக்கிறானாம். கமாக்கா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"அதை மறைக்கிறதுக்கு."

"ரெண்டு நிமிஷம்."

"எனக்கு வரைய வராதுன்னு நம்பிட்டேன். நாலு வருஷமா பென்சிலைத் தொடலை." அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்துவிட்டான்.

கமாக்கா அழுதாள். அழுது முடித்ததும் கோபம் இன்னும் கூடித்தான் இருந்தது. அந்தக் கோப்பைக்காரன்மேல், பசி என்று எழுந்து போன தன்மேல், கேட்காமல் செய்து கொடுத்தால் நல்ல பேர் என்று கற்றுக்கொடுத்த அத்தனை பேர்மேலும். சனிக்கிழமை புது இடத்து அம்மாளுக்குப் போன் செய்து, கடிதம் இப்போதைக்கு வராது, பொய்க் காரணம் போட்டதை வாங்க மாட்டேன் என்றாள். அவர், ஒரு வாரம் பார்க்கிறேன், அதற்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பென்சிலுக்கு, திங்கட்கிழமை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பினாள். 

திங்கட்கிழமை அவளுக்கு முன்னாலேயே அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டதும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். கமாக்காவின் கடிதத்தைப் படித்தார். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுல இருக்கிற பேரு யாரோடது?"

"என்னோடது."

"அப்ப மறைச்சதே நீங்கதானா? நல்லா யோசிச்சுக்கோங்கம்மா. இதை நான் எழுதினா, கம்பெனிக்காரன் பழியைத் தூக்கி உங்க தலையிலதான் போடுவான்."

பென்சில் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"எழுதுங்க மேடம்," என்றாள் கமாக்கா. "மறைச்சது நான்தான். மறைக்கச் சொன்னது யாருன்னும் அதுக்குப் பக்கத்துலேயே எழுதியிருக்கேன். ரெண்டையும் எழுதுங்க. ஒண்ணை மட்டும் எழுதிடாதீங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். பென்சில் நாலாக மடித்திருந்த தன் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்து, மேஜையில் அவள் கடிதத்தின் மேல் வைத்தான்.