மூன்றாவது கோடு

உளவியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அது என்ன படிப்பென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் சரியாகத் தெரியாது. கணக்கு இல்லாத பட்டப்படிப்பு எது என்று தேடி அதைப் பிடித்தேன். புள்ளியியல் என்ற பெயரில் கணக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சாணார்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். திண்டுக்கல்லில் கல்லூரி. தினமும் பஸ்தான். அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு அவள் கிடைத்தாள். மாதா கோயில் நிறுத்தத்தில் ஏறுவாள். அவளுடைய அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேரும் ஒரே வகுப்பு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஜன்னலோரம் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாம் பருவத்தில் சமூக உளவியல் அறிமுகம் என்று ஒரு பாடம் வந்தது. புத்தகம் முழுக்க ஆங்கிலம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த எனக்கு ஒரு பக்கம் தாண்டுவதே பெரும்பாடு. அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸில் அவள் வாசித்துத் தமிழில் சொல்வாள். நான் எங்கள் ஊரிலிருந்து அதற்கு ஓர் உதாரணம் தேடிக் கொடுப்பேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

"ஒருத்தர் ஆபத்துல கெடக்கும்போது, சுத்தி நிக்கிற கூட்டம் பெருசாகப் பெருசாக ஒதவி கொறையுமாம்டி. வேற யாராச்சும் பாத்துக்குவாங்கன்னு எல்லாரும் நெனைப்பாங்களாம்."

"எங்கூரு டிரான்ஸ்பார்மர் பொகஞ்சுச்சுல்ல? அம்புட்டுப் பேரும் நின்னு வேடிக்க பாத்தாக. கரண்ட் ஆபீசுக்கு ஒருத்தரும் போன் பண்ணல."

அவள் கைதட்டிச் சிரிப்பாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். வகுப்பில் நான் வாயே திறந்ததில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸில் என்னைவிடக் கெட்டிக்காரி யாருமில்லை என்று தோன்றும்.

அந்தப் பருவத்தின் நடுவில் ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். பழனிக்குப் பக்கம் நெய்க்காரப்பட்டி. விடுதியில் தங்கியிருந்தாள். வேறு ஒரு பிரிவில் சேர்ந்து, பிடிக்காமல் மாறி வந்தவள். வகுப்பில் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். "ஏனுங்க, இங்க உக்காரலாமுங்களா?" என்று எங்கள் பெஞ்சில் கேட்டபோது என் தோழிக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. "பேச்சு எம்புட்டு அழகா இருக்கு பாரேன்," என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அதில் அழகு ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் மதியம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் கேன்டீனுக்கு வந்தேன். இரண்டு பேரும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். புதியவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க தோட்டத்துல தனியாக் களை வெட்டுனா என்ற கை நவுறாது. பக்கத்துல ஒரு ஆளு வெட்டுச்சுன்னா போதும், தன்னால வேகமாப் போவும்."

"அதேதாண்டி!" என்றாள் என் தோழி. கைதட்டினாள்.

பக்கத்தில் ஆள் இருந்தால் வேலை வேகமாகும் என்ற அந்தப் பாடத்துக்கு நானும் ஓர் உதாரணம் வைத்திருந்தேன். விடியற்காலையில் அம்மாவும் சித்தியும் போட்டி போட்டுக்கொண்டு மல்லிகை பறிப்பது. சாயங்காலப் பஸ்ஸில் சொல்லலாம் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட இன்னொன்றும் சுருக்கென்றது. என் தோழியிடம் பேசும்போது புதியவள் 'ங்க'வை விட்டுவிட்டாள். நான் போய் உட்கார்ந்ததும், "வாங்க, சாப்டீங்களா?" என்றாள். வெஞ்சனத்துக்குக் கொண்டுபோயிருந்த கத்திரிக்காய்ப் பொரியலை அன்றைக்கு நான் யாருக்கும் நீட்டவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் மல்லிகையைப் பற்றிப் பேசவும் இல்லை.

பிறகு எனக்கு எல்லாமே கண்ணில் குத்தின. இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரிப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். "என்னடி?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள் என் தோழி.

அந்த வாரம் எங்கள் மேடம் சிலரை மட்டும் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். வரிசையாக நாற்காலி. என்னைக் கடைசிக்கு முந்தைய நாற்காலியில் உட்கார வைத்தார். என் தோழி எனக்கு முன்னால், அவளுக்கு முன்னால் நெய்க்காரப்பட்டிக்காரி. ஓர் அட்டையில் ஒற்றைக் கோடு, இன்னொன்றில் சிறிதும் பெரிதுமாக மூன்று கோடுகள். எது அந்த ஒற்றைக் கோட்டின் அளவு என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முதலில் எல்லோரும் சரியாகவே சொன்னோம்.

அடுத்த அட்டையில் இரண்டாவது கோடுதான் சரி. ஆனால் முதல் நாற்காலிக்காரி "மூணு" என்றாள். அடுத்தவளும் "மூணு". நெய்க்காரப்பட்டிக்காரியும் "மூணுங்க" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் தோழி சரியாகச் சொல்வாள், பிறகு நான் சொல்வேன் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, "மூணு மேடம்," என்றாள்.

என் கண்ணுக்கு முன்னால் இரண்டாவது கோடு அப்படியே இருந்தது. நான் "மூணு" என்றேன்.

மேடம் விளக்கு போட்டது போலச் சிரித்தார். மற்ற எல்லோருமே முன்கூட்டிப் பேசிவைத்து நடித்தவர்கள், சோதனையே எனக்கு மட்டும்தான் என்றார். கூட்டத்துக்கு மனிதர்கள் எப்படி இணங்கிப்போகிறார்கள் என்பதுதான் அடுத்த பாடம்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எல்லாரும் சொன்னாங்க மேடம். என் கண்ணுதான் தப்போன்னு நெனச்சேன்."

புத்தகத்தில் இருக்கும் பதில் அது. மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவர்கள் பேசிச் சிரித்ததெல்லாம் இதற்குத்தான் என்று புரிந்தும் ஆறவில்லை. அவளோடு சேர்ந்து என் தோழி எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் வைத்திருந்தாளே என்பதுதான் உறுத்தியது.

மறுநாளிலிருந்து ஜன்னலோரத்தில் பையை வைப்பதை நிறுத்தினேன். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் தோழி திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த நில்லு. உன்னைய ஏன் அதுல உக்கார வெச்சாங்க, தெரியுமா? யாரு என்ன சொன்னாலும் தனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லுவா, அப்படி ஒருத்தி கிளாஸ்ல யாருன்னு மேடம் கேட்டாங்க. நாந்தான் உன்னையச் சொன்னேன்."

அவள் என் கையை விடவில்லை.

"நெசமாவே உனக்கு ரெண்டுன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு."

"அப்பறம்?"

"நீயும் அவளும் ஒரே பக்கம் நின்னீங்க. நான் மட்டும் தனியா நிக்கவா?"

அவள் என் கையை விட்டாள். "லூசு," என்றாள். பஸ் வந்தது. பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். அவள் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

பருவக் கடைசியில் களப்பணிக்கு மேடம் வரிசை எண்படி பிரித்தார். நானும் நெய்க்காரப்பட்டிக்காரியும் ஒரு ஜோடி. நாலு பேர் அண்ணாந்து பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்களா என்று பஸ் ஸ்டாண்டில் கவனிக்க வேண்டும். இரண்டு ஜூனியர்களையும் சேர்த்துக்கொண்டு கூரையையே பார்த்து நின்றோம். கொய்யா விற்கிற அம்மா கூடையை இறக்கிவிட்டு, "என்ன பாப்பா, பாம்பா?" என்று எங்களோடு சேர்ந்து பார்த்தார். "இல்லீங்க, படிப்புங்க," என்றாள் இவள், தலையை இறக்காமலே. நான் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளை எனக்குப் பிடித்துத் தொலைத்தது.

சனிக்கிழமை அவளை எங்கள் தோட்டத்துக்குக் கூப்பிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறினோம். மாதா கோயில் நிறுத்தத்தில், சாணார்பட்டிக் கடைக்குப் போக என் தோழி ஏறினாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கடி போறீக ரெண்டு பேரும்? எனக்கு ஒரு வார்த்த சொல்லல?"

அவள் குரல் லேசாகக் கம்மியிருந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வெயிலில் வந்தவளுக்கு மோர் கிடைத்தது போலக் குளுகுளுவென்று இருந்தது. அதைச் செத்த நேரம் அனுபவித்த பிறகுதான், "வாடி, நீயும் வா," என்றேன்.

மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னலோரத்தை நெய்க்காரப்பட்டிக்காரிக்குக் கொடுத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று என் தோழி உள்ளே வரப் பார்த்தாள். நான் நகரவில்லை. ஓரத்தைக் காட்டினேன். நடுவில் நான்தான் உட்கார்ந்தேன்.