அங்கம்மாவின் மூச்சு இருந்த இடம்

இலங்கையில் ஹேவாஹெட்ட மலைச்சரிவெல்லாம் காப்பிச் செடியாகக் கிடந்த காலத்தில், அங்கே ஒரு தோட்டத்தில் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் மூச்சு மூக்கில் ஓடும், அவளுக்குக் கழுத்தில் ஓடியது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் தொண்டைக் குழியில் ஒரு வெள்ளிக் குழாய் பொருத்தியிருந்தது, மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்தது. குழாயை லயத்தில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அது எதற்கு என்று சரியாகத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் அவளுடைய புருஷன் கறுப்பையா.

பிறவியில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் காடு வழியாகக் கால்தேய நடந்து வந்தவள். வழியில் செத்தவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேலே நடந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. பழம் பறிக்கும்போது அவள் கூப்பிட்டால் ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். கங்காணியே தன் தொண்டையை மிச்சம் பிடிக்க, ஆட்களைக் கூப்பிட அவளைத்தான் ஏவுவான்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை வீங்கியது. எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் கம்மிப் போனது. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தோட்டத்து வைத்தியம் துரையின் அலுமாரியில் இருந்த ஒரு போத்தல்தான். வயிற்றுவலி என்றாலும் விளக்கெண்ணெய், காய்ச்சல் என்றாலும் விளக்கெண்ணெய். மூச்சு அடைத்தவளுக்கும் அதையே ஒரு கரண்டி ஊற்றினார்கள். அவள் புரையேறி நீலமாகிப் போனாள். "குடுத்தாச்சு, இனி அவ விதி" என்று கங்காணி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

கறுப்பையா போகவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதைக்கு ஞாயம் இருக்காது. அவன் கம்பளியைத் தூளியாகக் கட்டி, மூங்கிலில் மாட்டி, சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சேதுராமனை மறுமுனை பிடிக்கச் சொல்லி, கண்டிக்குச் சுமந்துகொண்டு போனான். வழியெல்லாம் "அங்கம்மா, அங்கம்மா" என்று கூப்பிட்டபடியே நடந்தான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டது. பின்னால் அவளைக் கொன்று தின்றது அந்த ஞாபகம்தான்.

கண்டி ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர், நீண்ட காம்பில் பதித்த சின்னக் கண்ணாடியை விளக்குச் சூட்டில் காட்டி, அவள் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே வெள்ளையாய்ச் சவ்வு படர்ந்து வழியை மூடியிருந்தது. அங்கே மருந்து கட்டுகிற முனாப் என்பவர்தான் டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"மேல வழி அடைபட்டுப் போச்சு, தம்பி. கீழ ஒரு வழி தொறக்கோணும். கழுத்துல."

"கழுத்த அறுக்கவாங்க?" என்றான் கறுப்பையா.

"அறுக்காட்டி இப்பவே மவுத்து. அறுத்தா ஒரு வேள தப்புவா."

"ஆளு பொழைச்சாப் போதும்ங்க" என்று சொல்லிவிட்டு அவன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அவள் பிழைத்தாள். நோய் போனதும் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் நினைத்திருந்தார். ஆனால் உள்ளே புண் ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. குழாயின் வாயை மூடிப் பார்த்தபோதெல்லாம் அவளுக்குக் கண் பிதுங்கியது. மேல்வழியில் பேச்சுக்குப் போதுமான காற்றுப் போனது, உயிர் வாழப் போதுமானது போகவில்லை. குழாய் நிரந்தரமாயிற்று.

சேதுராமன் முன்பே தோட்டத்துக்குத் திரும்பியிருந்தான். முனாப் கறுப்பையாவுக்கு மட்டும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக் குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயைத் தினம் கழற்றிக் கொதிநீரில் போட்டு, கோழி இறகால் சளியை எடுக்க வேண்டும். தூசி போகாமல் ஈரமான மெல்லிய துணியைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். பிறகு கறுப்பையாவின் கையைப் பிடித்துக் குழாயின் முன்னால் வைத்தார்.

"சூடு படுதா? இதான் இவட மூச்சு. மூக்குல தேடாதீங்க. இங்க தேடுங்க."

"வெளங்குதுங்க" என்றான் கறுப்பையா.

லயத்துக்குத் திரும்பியதும் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அவள் விரலால் குழாயை மூடினால் கரகரவென்று ஒரு குரல் வந்தது, விரலை எடுத்தால் பேச்சு நின்றது. ஜனங்கள் கண்டது இவ்வளவுதான். ஆகவே, குழாய் பேச்சுக்கு வைத்தது, பேச்சு போனவளுக்கு வெள்ளைக்காரன் புதுப் பேச்சு வைத்து அனுப்பியிருக்கிறான் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். மூச்சைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மனுஷர் என்றால் மூச்சு மூக்கில்தானே? அங்கம்மாவும் திருத்தவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு தரம் விரலை வைத்து எடுப்பவள் யாருக்கு உட்கார்ந்து விளக்குவாள்!

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு நாய் படாத பாடு. ஏற்றத்தில் கூடை சுமக்க முடியாது, பாதி வழியில் இளைக்கும். அதனால் பாதிப் பேர்தான் போட்டார்கள், அதாவது பாதி நாள் கூலி. காப்பிக் களத்தில் தோல் தூசி பறந்தால் இருமி இருமி உயிர் போகும். அடுப்பு ஊத முடியாது, ஊதினால் காற்று கழுத்தில் போகும். பிள்ளை பெற்றவர்கள் குழந்தையை அவள் கையில் கொடுக்கத் தயங்கினார்கள், அது பார்த்துப் பயந்துவிடுமாம். அவளுக்கோ பிள்ளை இல்லை.

கறுப்பையாவையும் விட்டுவைக்கவில்லை. படுத்தால் குழாய் சீழ்க்கை அடிக்கும். மெல்லிய தடுப்புச் சுவர், லயம் முழுக்கக் கேட்கும், பேச்சுக் குழாயின் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். "என்னா கறுப்பையா, ஒம் பொண்டாட்டி ராவெல்லாம் கொழலு ஊதுறாளாமே" என்று பெரட்டில் வைத்துக் கேலி செய்தார்கள். முதலில் அவனும் சிரித்தான். பிறகு ஒருத்தனை அடித்தான். பிறகு சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை, கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே படுக்க ஆரம்பித்தான். முன்பெல்லாம் அவளை உட்காரவைத்து, இறகை நனைத்து, "வலிக்குதா புள்ள" என்று கேட்டுக் கேட்டுச் சுத்தம் செய்தவன், உள்குழாயைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போனான். மிச்சத்தை அவளே தடவித் தடவிச் செய்துகொண்டாள். மனுஷனுக்கு அலுத்துப் போயிற்று. அலுப்பு குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. மேலே நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

வாந்திபேதி வந்தது. கடல் தாண்டி நாட்டிலிருந்து வந்த புதுக் கூட்டத்தோடு வந்தது. லயத்தில் காலையில் நின்றவன் மாலையில் இல்லை. அங்கம்மாவும் விழுந்தாள். உடம்பில் இருந்த நீரெல்லாம் போய், கண் குழிந்து, கையும் காலும் சில்லிட்டுக் கிடந்தாள். நினைவு தப்பியது.

அந்த லயத்தில் பிறப்பையும் இறப்பையும் பார்ப்பவள் பேச்சியம்மா. அவள் வந்து கையைத் தொட்டுப் பார்த்தாள், ஐஸ். நாடி பிடித்தாள், அகப்படவில்லை. மூக்கில் பஞ்சை வைத்தாள், ஆடவில்லை. வேறென்ன பார்க்க வேண்டும்? வாய்க்கட்டுக் கட்டினாள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள், கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். வாந்திபேதிச் சாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள். "அனாதப் பொணமா அவ? முறைப்படிதான் போவா" என்று பேச்சியம்மா பிடிவாதமாகச் செய்தாள். அவள் செய்ததெல்லாம் பிரியத்தில் செய்ததுதான்.

அந்தக் கட்டு கட்டும்போதுதான் அங்கம்மாவுக்கு நினைவு திரும்பியது. கண் திறக்கவில்லை. உடம்பு அசையவில்லை. காது மட்டும் கேட்டது. தன்னை என்ன செய்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கிப்போனது. கத்த வேண்டும். கத்த வேண்டுமென்றால் விரல் கழுத்துக்குப் போக வேண்டும். விரலோ கட்டுக்குள் இருந்தது, கட்டு இல்லாவிட்டாலும் தூக்கத் திராணி இல்லை.

அப்போது பேச்சியம்மா சொன்னாள்: "டேய் கறுப்பையா, நீயும் ஒருக்கா மூச்சுப் பாத்துக்கடா. நாளைக்கு என்னைய யாரும் ஒண்ணு சொல்லக் கூடாது."

அவன் வந்து உட்கார்ந்தான். புகையிலை வாசனை அவளுக்குத் தெரியாது, மூக்கு மணம் அறிந்து வருஷமாயிற்று. ஆனால் அவன் முழங்கால் தட்டிய சத்தம் தெரியும். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இவனுக்குத் தெரியும், இவன் கையை வைக்கப்போகிறான், சூடு படப்போகிறது, "இருக்கா, இருக்கா" என்று கூவப்போகிறான். அவ்வளவு நம்பிக்கையோடு அவள் வாழ்நாளில் வேறு எதற்கும் காத்திருந்ததில்லை.

கறுப்பையா கையை மூக்கில் வைத்தான்.

விரல்கள் மூக்கில் இருந்தன. மணிக்கட்டு கழுத்துத் துணியின் மேல் இறங்கி இருந்தது. அவளுடைய மூச்சு, இருந்த கொஞ்சநஞ்சம், அந்த மணிக்கட்டில் பட்டது. அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் மூச்சு போன வழி அடைபட்டுத் தன் மேலேயே திரும்பியது. ஒரு தரம் பட்டது. மறு தரம் பட்டது. மணிக்கட்டு சூடு தட்டினாற்போல் துணியை விட்டு எழும்பியது. விரல்கள் மூக்கைவிட்டு நகரவில்லை.

"இல்ல" என்றான் கறுப்பையா.

கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டார்கள். முன்பு கண்டிக்குத் தூக்கிப்போன மாதிரியே மூங்கிலில் தூக்கினார்கள், சேதுராமன் ஒரு முனை, அவன் ஒரு முனை. இந்தத் தடவை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. குழிக்குப் பக்கத்தில் சேதுராமன் கால் வழுக்கிப் பொத்தென்று கீழே போட்டான். அந்த அதிர்ச்சியில் குழாயில் அடைத்திருந்த சளி கிளம்பி அவள் இருமினாள். வாயால் இருமுகிறவர்கள் இருமுகிற இருமல் அல்ல அது, சீறிக்கொண்டு வருவது. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சேதுராமனும் ஓடினான், ஆனால் திரும்பி வந்தான். அவன்தான் கயிற்றை அவிழ்த்து, கட்டைவிரல் கட்டை அறுத்தான். கறுப்பையா நின்ற இடத்தில் நின்றான்.

லயம் அதிசயப்பட்டது. பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். அங்கம்மா கஞ்சி குடித்தாள், எழுந்து நடந்தாள், மறுபடி களத்துக்குப் போனாள். ஆனால் வாய் திறக்கவில்லை. விரல் கழுத்துக்குப் போகவே இல்லை. வாந்திபேதி அவளுடைய பேச்சைக் கொண்டுபோய்விட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.

கறுப்பையாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்குப் பேச முடியவில்லையா, பேச மனமில்லையா? அன்றைக்கு அவளுக்கு நினைவு இருந்ததா, இல்லையா? கேட்க நாக்கு எழவில்லை. கடைசியில் குழாயைக் காட்டிவிட்டு வருவோம் என்று கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவளுக்கு அவன் எதற்குக் கூட்டிப்போகிறான் என்று தெரிந்தே இருந்தது. பின்னால் நடந்தாள்.

முனாப் அவளைக் கதிரையில் இருத்தினார். டாக்டர் கண்ணாடியைச் சூடுகாட்டி உள்ளே பார்த்தார். தழும்பு பழையபடிதான், குரல் நரம்பு அசைகிறது, வீக்கம் இல்லை. குரல் கெட ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. குழாயை மூடி 'ஆ' சொல்லச் சொன்னார்.

திரைக்கு வெளியே கறுப்பையா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அது அவளுக்குத் தெரியும். விரலை வைத்தாள். "ஆ" என்றாள். டாக்டர் போதும் என்று கை காட்டியும் நிறுத்தாமல், மூச்சு முடியும் வரைக்கும் சொன்னாள்.

முனாப் வெளியே போய், "குரல் நல்லாத்தான் ஈக்குது, தம்பி. ஒரு கொறையும் இல்ல. பேசாம இரிக்கிறது ஏன்டு நீங்கதான் கேக்கோணும்" என்றார்.

கறுப்பையா கேட்கவில்லை. திரும்பும் வழியில், வெகுதூரம் நடந்த பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னான்: "அன்னைக்கு மூச்சே இல்ல புள்ள. நான் நல்லாத்தான் பாத்தேன்."

அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

விட்டுப் போக அவளுக்கு இடமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்து உள்ளே போடுவார்கள். அதே காம்பரா, அதே அடுப்பு, அதே மனுஷன். இனி ஒருநாள் மறுபடி விழுந்தால், மூச்சு எங்கே என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதை நினைத்தபோது அவளுக்கு வந்தது அழுகையல்ல, ஆத்திரம்.

லயம் சேர்ந்ததும் அவள் தன் காம்பராவுக்குப் போகவில்லை. நேரே பேச்சியம்மாவின் வாசலுக்குப் போனாள். தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் கூடினார்கள். அங்கம்மா கழுத்துத் துணியை எல்லார் முன்னாலும் விலக்கினாள். அதுவரை அவளாக முன்வந்து யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. பேச்சியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் குழாயின் முன்னால் வைத்தாள். அடுத்தவள் கையை வைத்தாள். அடுத்தவள். கூசியவள் கையையும் விடாமல் இழுத்து வைத்தாள்.

பேச்சியம்மாவின் முகம் வெளிறிப்போனது. "அடி பாவி மகளே, இங்கயா ஒனக்கு மூச்சு? இது தெரியாமயா ஒன்னையக் கட்டிக் குழிக்கு அனுப்பினேன்! ஏண்டி முன்னாலயே சொல்லல? ஒம் புருசனுக்காவது தெரியுமா?"

அங்கம்மா விரலைக் குழாயில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள். "அதனாலதான் ஒங்களுக்கெல்லாம் காட்டுறேன்."