அலைக்கு அடியில் ஒரு குரல்

போன வருடம் ஆடி மாதம், இனயம் கடற்கரையில் நடந்தது இது. தோழி ஒருத்தி எடுத்த குறும்படத்துக்குக் கடல் இரைச்சல் வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் இப்படி ஒலிப்பதிவு செய்து கொடுப்பேன். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில்தான் எடிட்டிங் எல்லாம்.

அன்று கடல் முரண்டு பிடித்ததால் கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பெரிய கற்கள்மேல் ஏறி, ரெக்கார்டரை ஒரு கல்லில் வைத்துவிட்டு, அலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதியம் சாப்பிட்டதும் வேலையில் உட்கார்ந்தேன். காற்றின் உறுமலை நீக்க வேண்டும். அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு: எதை நீக்கப்போகிறதோ, அதை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை அழுத்தினேன்.

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண்குரல்.

"ஆராவது உண்டா?"

பழைய பதிவு ஏதாவது கலந்துவிட்டதோ என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி திறந்தேன். முழுப் பதிவில் அலையைத் தவிர ஒன்றுமில்லை. நீக்கப்போகும் ஒலியை மட்டும் போட்டால் மறுபடியும் அதே குரல், துண்டு துண்டாக. திரையில் ஒலியைப் படமாக்கிப் பார்த்தேன். அலைகளுக்கு நடுவே வெளுத்த கீற்றுகள், விட்டு விட்டு, கடைசிவரை.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஏட்டி, இதை அழிச்சுரு. கடல்ல போனவங்க சத்தமாக்கும்."

அழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் கை போகவில்லை. குரல் இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தி இன்னொரு முறை ஓடவிட்டேன். இந்த முறை, முன்பு பிடிபடாத இரண்டு வார்த்தைகள் தெளிந்தன. எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"வெள்ளம் ஏறுது..."

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "செத்தவனுக்கு வெள்ளம் ஏறுனா என்னட்டி? இது உசிரோட கெடக்க ஆளு. ஸ்கூட்டர எடு."

போகும் வழி முழுக்க அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். இனயத்தில் ஒரு கடை வாசலில் நின்ற ஆட்களிடம் சொன்னோம். முதலில் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் குரல் கேட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்? அக்கா அழுததைப் பார்த்துத்தான் கயிறோடு வந்தார்கள்.

ரெக்கார்டர் வைத்த கல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதன் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். கீழே இருட்டில் இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அவர் கழுத்தைத் தொட்டிருந்தது. உதடு அசைந்தது, சத்தமே வரவில்லை. அந்த மௌனம் ஹெட்போனில் கேட்ட குரலைவிட என்னை நடுங்கவைத்தது.

தூண்டில் போட வந்த மனிதர் வழுக்கி விழுந்து, கால் கல்லிடையே சிக்கியிருக்கிறது. கயிறு கட்டி, கல்லை நெம்பி, ஒருவழியாக மேலே தூக்கினார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கரகரத்த குரலில் சொன்னார்: "நீ எனக்க தலைக்கு மேலதான் நின்னே மக்கா. உனக்க செருப்பு எனக்குத் தெரிஞ்சுது. உள்ள மூச்சையெல்லாம் கூட்டி விளிச்சேன். நீ கடலப் பாத்துட்டுப் போயிட்டே."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்றும் எந்தப் பதிவைச் சுத்தம் செய்தாலும், அழியப்போவதை ஒருமுறை முழுதாகக் கேட்ட பிறகுதான் அழிக்கிறேன். அதில் யாரும் இல்லை என்று தெரியும்வரை மனசு அடங்குவதில்லை.