வெட்டாமல் விட்ட சிரிப்பு

அந்தத் தெருவில் அவளுக்கு வீடியோ அக்கா என்றுதான் பேர். கல்யாண மண்டபங்களிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். யார் எப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், அவள் கொடுக்கும் வீடியோவில் இரண்டு குடும்பமும் வாயெல்லாம் பல்லாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் மூண்ட சண்டை, மாடிப்படியில் மாப்பிள்ளையின் அத்தை வைத்த ஒப்பாரி எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும்.

அப்படிப்பட்டவள் சொந்தத் தங்கைக்காக ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டி வந்தது.

தங்கை சிறையில் இருந்தாள். கழுத்தை நெரித்த புருஷனைக் கைக்கு எட்டிய இரும்புச் சட்டியால் ஓங்கி அடித்தாள்; அவன் எழுந்திருக்கவில்லை. அதுவரை வருஷக்கணக்காக அவள் வாங்கிய அடி கோர்ட்டில் பேச்சுக்கே வரவில்லை. இப்போது தண்டனையைக் குறைக்கலாமா என்று பார்க்க ஒரு குழு உட்காரப் போகிறது. மனுவோடு படத்தையும் கொடுத்துப் பார்ப்போம் என்றது வக்கீலம்மாவின் யோசனை. இதை விட்டால் தங்கை முழுத் தண்டனையையும் உள்ளேயே கழிக்க வேண்டியதுதான்.

அக்கா கேமராவைத் தூக்கிக்கொண்டு தங்கை குடியிருந்த தெருவில் வீடு வீடாக ஏறினாள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கதவைச் சாத்தினார். மறுபடி போனபோது தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சத்தம் கேக்கும்மா. கேட்டா டிவிய கொஞ்சம் கூட்டி வெச்சுக்குவோம்." தங்கையின் காயங்களுக்குத் தையல் போட்ட நர்ஸ் மூடி மறைக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் பாத்ரூம்ல வழுக்கிருச்சும்பா. அந்த வீட்டு பாத்ரூம்ல அப்படி என்ன, எண்ணெயா ஊத்தி வெச்சிருந்தாங்க?"

கடைசியில் சிறைக்குள் படமெடுக்க அனுமதி கிடைத்தது. பெஞ்சில் தங்கை விறைத்து உட்கார்ந்திருந்தாள். அக்கா கேமராவில் கண்ணை வைத்தாள். அங்கே கண் வைத்தால் பழக்கம்தானே முந்திக்கொள்ளும்.

"தாடையைக் கொஞ்சம் தூக்கு. லேசா சிரி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கை ஒரு கணம் முழித்தாள்.

"சிரிக்கிறேன். பக்கத்துல மாப்பிள்ளையா யார நிப்பாட்டப் போறே? இந்த வார்டரம்மாவையா?"

வார்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தங்கை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா அந்த இடத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "இத எடுத்துருங்க. புருஷனக் கொன்னுட்டு சிரிக்கிறா பாருன்னு மனுவத் தூக்கிப் போட்டுருவாங்க."

அக்கா வெட்டினாள். வெட்டுவது அவளுக்குப் புதிதா? ஆனால் வெட்டிய பிறகு படத்தில் இருந்தது யாரோ ஒரு பாவப்பட்ட பொம்பளை. அவள் தங்கையைக் காணோம். வெட்டிய துண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்ததும் தங்கையின் கை விருட்டென்று வாயைப் பொத்தப் போகிறது; பாதி வழியில் நின்று, மடியில் இறங்குகிறது.

அடுத்த முறை போனபோது கேமராவை ஓடவிட்டு அதையே கேட்டாள்.

"சிரிச்சா, யாரப் பாத்துடி சிரிக்கிறேன்னு அடி விழும்க்கா. அதனால கரித்துணிய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிப்பேன். அன்னிக்கு நீ உளறினதும் கை தானா வந்துச்சு. அப்புறம்தான், அவன் இங்க இல்லையேன்னு தோணுச்சு."

"வக்கீலம்மா அத வெட்டச் சொல்றாங்க. வெச்சு, அது தப்பாப் போச்சுன்னா உள்ள இருக்கப் போறது நீ. நீயே சொல்லு."

தங்கை விரலைச் சொடுக்கினாள். "வெட்டாதேக்கா. அழுறதுக்கு மட்டும்தான் வெளிய விடுவாங்கன்னா, வந்து என்ன பண்ண?"

குழு கூடிய அன்று அக்கா வராந்தாவில் நின்றாள். கதவு வழியாகத் தங்கையின் சிரிப்புச் சத்தம் வந்தது. சட்டென்று நின்றது. பாதியிலேயே படத்தை நிறுத்திவிட்டார்கள். எழுத்தர் எட்டிப் பார்த்து, "படம் எடுத்தவங்க யாரு? உள்ள வாங்க" என்றார்.

மேசைக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "அந்தச் சிரிப்ப இன்னொரு தரம் போடுங்க." போட்டாள். "ஏன் கைய வாய்கிட்ட கொண்டு போறாங்க?"

அக்காவுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். "அவளே சொல்றா மேடம்" என்று படத்தைத் தொடர விட்டாள். தங்கை கரித்துணியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை யாரும் காகிதத்தைப் புரட்டவில்லை.

விடுதலை உத்தரவு வந்தது. வக்கீலம்மா போனில் அழுதாள். அக்காதான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

சிறை வாசலில், தங்கை வெளியே வருவதைப் பிடிக்க அக்கா கேமராவைத் தோளில் ஏற்றினாள். படத்துக்கு அதுதான் முடிவு என்று மனசில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். தங்கை வந்தாள், கையில் கனமான பையோடு.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? முதல்ல இந்தப் பையப் புடிக்கா, கை விட்டுப் போகுது."

அக்கா கேமராவை வண்டியின் பின்சீட்டில் போட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் தங்கை குறை சொல்லிக்கொண்டே வந்தாள். படத்தில் அவளைக் குண்டாகக் காட்டிவிட்டாளாம், ஊரான் வீட்டுக் கல்யாணப் பெண்ணை எல்லாம் ஒல்லியாகக் காட்டுகிறவளுக்குச் சொந்தத் தங்கை என்றால் இளக்காரமாம்.

"தாடையைத் தூக்குன்னு சொன்னேன்ல, தூக்கினியாடி நீ?" என்றாள் அக்கா.

தங்கை சிரித்தாள். இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன.