பயற்றுச் செடியும் அக்காவின் தலைப்பொங்கலும்

சிறுகிழங்குத் தழையைக் கசக்கி முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? கற்பூரவல்லிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வாசம். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஷிப்ட் முடிந்து சைக்கிளை மிதித்து வந்தால், வீட்டுக்கு முன்னால் அந்த வாசம்தான் வந்து நிற்கும்...

கடையம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். ஆற்றுத் தண்ணீர் எட்டாது. கிணறும் மழையும்தான். அப்பா சிறுகிழங்கு நடுவார். நடுநடுவே அம்மா தட்டைப்பயறு ஊன்றுவாள், வரப்போரம் நாலு வெண்டை. கிழங்கு தை மாதம்தான் வரும், அதுவரை குழம்புக்கு என்ன செய்ய?

பயறு இரண்டு பறிப்பு கண்டதும் செடியைப் பிடுங்கிவிட்டு, கிழங்குக் கொடியின்மேல் மண் அணைக்க வேண்டும். மண்ணுக்குள் போன கொடியில்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும்.

அக்காவை ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக்கொடுத்த வருஷம் அது. நெல்லும் வாழையுமாக வசதியான வீடு. தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுபோக வேண்டும். கரும்பு, மஞ்சள் குலை எல்லாம் கடையில் வாங்கலாம், கிழங்கு மட்டும் நம் தோட்டத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம்.

அந்த வருஷம் பார்த்து பயறு காய்த்தது பாருங்கள்... பறிக்கப் பறிக்கப் பூத்தது.

"ஏட்டி, இனியும் விட்டா கெழங்கு வைக்காது" என்பார் அப்பா.

"பூவும் பிஞ்சுமா நிக்கி, எப்படிப் பிடுங்க? ரெண்டு நாள் போவட்டும்" என்பாள் அம்மா.

அந்த ரெண்டு நாள் முடிவதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. சேற்றில் எங்கே மண் அணைக்க?

மார்கழிக் கடைசியில் தோண்டினால், எல்லாம் கோலிக்குண்டு. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சம்பந்தக்காரங்க என்ன நெனைப்பாவ? பிள்ளைய அங்கன தலைகுனிய வச்சிட்டேனே..."

எனக்குப் பாவமாக இருந்தது. கடையில் பெரிதாக வாங்கிக்கொள்வோம் என்றேன். அப்பா கேட்கவில்லை. "நமக்கு வெளஞ்சது இதுதான். இதையே கொண்டு போவோம்" என்றார்.

நானும் அப்பாவும் பஸ்ஸில் போய்ப் படியை இறக்கி வைத்தோம். அக்கா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மாமியார் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி கிழங்கை அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஊடால பயறு போட்டிருந்தியளோ?"

அப்பா தலையாட்டினார்.

"பிடுங்க மனசு வந்திருக்காது. எங்கம்மையும் இப்படித்தான். நானும் உங்க பக்கந்தான், ஆழ்வார்குறிச்சிக்காரில்லா..." என்று சிரித்தவர், அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "வா பிள்ள, சாக்கோட போட்டுத் தேய்ப்போம். இத ஒத்தையில உரிச்சா பொழுது போயிரும்."

ஊருக்கு வந்து சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள். அடுத்த வருஷமும் பயறு ஊன்றினாள்!

அந்த நிலம் இப்போது குத்தகைக்குப் போயிருக்கிறது. சொட்டுநீர் போட்டு, கிழங்கு மட்டும், ஒரே சீராக நிற்கிறது. விளைச்சலைக் குறை சொல்ல முடியாது. அம்மா இல்லை. அக்காவின் மாமியாரும் போய்விட்டார்.

இந்தப் பொங்கல் அக்கா மகளுக்குத் தலைப்பொங்கல். "நம்ம நெலத்துக் கெழங்கா கொண்டு வாலே" என்று அக்கா போன் பண்ணினாள். அவள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். அக்கா சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"நல்லா பெரிசாத்தாம்லே இருக்கு... ஊடால ஒண்ணும் போடலியோ?"