தீட்டாத குதிரைவாலி

எங்கள் சங்கத்தில் குதிரைவாலி விதைக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை பிள்ளைகளே. யார் சொன்னது என்று பிறகு எல்லாரும் தேடினார்கள், அதனால் சொல்கிறேன்.

நாகமலைக்கு மேற்கே வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. விளைந்ததை ஒரே கிட்டங்கியில் சேர்த்து வைத்து விற்போம். வெகுகாலம் குண்டு நெல்தான் போட்டோம். மதுரையில் அந்த அரிசியைக் கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லாருக்கும் சன்ன அரிசி வேண்டும். அதற்குத் தண்ணீர் எங்கள் கிணறுகளில் இல்லை. சிறுதானியம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று கடைகளில் சொன்னார்கள். அதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என் வார்த்தையை நம்பிப் பாதிப் பேர் விதைத்தார்கள். விற்காமல் போனால் அவர்கள் சங்கத்தை விட்டே போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மழை கைவிடவில்லை. நல்ல விளைச்சல். தப்பு நடந்தது மில்லில்.

எங்கள் பக்கம் விருந்தாளிக்கு வெள்ளைச் சோறுதான் போடுவோம். நிறம் மங்கின சோறு மரியாதைக் குறைச்சல். அந்த நினைப்பிலேயே, உமியை நீக்கியதோடு நிறுத்தாமல், தவிடு சுத்தமாகப் போகும்வரை இரண்டு தடவை தீட்டினோம். தீட்டச் சொன்னதும் நான்தான். செயலாளர் ஒரு கை அள்ளிப் பார்த்து, "பச்சரிசி தோத்துப்போகும் மாப்ள" என்றார்.

நீங்கள் அம்மாவோடு படிப்புக்காகத் திருநகரில் குடியிருந்த வருடம் அது. அங்கே சிறுதானியக் கடை வைத்திருந்த ஓர் அம்மாவிடம்தான் முதல் மூட்டையைக் கொண்டு போனேன்.

"அண்ணே, எத்தன தடவ தீட்டுனீக?"

"ரெண்டு தடவம்மா."

"போச்சு போங்க. இங்க வாரவுக அம்புட்டுப் பேரும் சுகர்காரவுக. தவுடு இருக்கான்னுதான் மொதல்ல கேப்பாக. வெள்ளையா திங்கணும்னா வீட்டுல அரிசி இல்லையா அவுகளுக்கு?"

இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினேன். அதே பதில்தான்.

ஊரில் டீக்கடைக்குள் நுழைந்தபோது, "வெள்ளைக்காரர் வாராரு, எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்றான் ஒருத்தன். சிரிப்பு அடங்கியதும் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. அதன்பிறகு பல நாள் அப்படித்தான் இருந்தது.

நல்லவேளையாகப் பாதி மூட்டைகள் உமியோடே கிட்டங்கியில் இருந்தன. உமியை மட்டும் நீக்கிக் கொடுப்போம் என்று கூட்டத்தில் சொன்னேன்.

"மாட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கும். அதப் போயி சங்கத்துப் பேரப் போட்டு டவுனுக்கு அனுப்பச் சொல்றியா?" என்றார் செயலாளர்.

"பேரு போட வேணாம் மாமா. நானே கொண்டு போறேன்."

மில்லுக்கு ஒருவரும் வரவில்லை. மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் சாக்கின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு தைத்தேன். வாயெல்லாம் உமித் தூசி.

கடைக்கார அம்மா வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அவரே போன் செய்தார். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால், வைத்திருந்த தானியம் காறல் வாடை அடிக்கிறதாம். "மொத்தமா அரைச்சுக் கொண்டாராதீகண்ணே. வாராவாரம் புதுசா அரைச்சுத் தாங்க, வேற ரெண்டு கடையும் பிடிச்சுத் தாரேன்."

வாராவாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் மில்லில் நெல் ஓடும். சனிக்கிழமை காயவைத்துக் கல் பொறுக்க வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதான் நான் உங்களைப் பார்க்க வரும் நாள். அதன்பிறகு திங்கள் காலை கடைக்கு மூட்டையோடு வருவேன். அந்நேரம் நீங்கள் பள்ளிக்கும் அம்மா வேலைக்கும் போயிருப்பீர்கள். பூட்டின வீட்டுக் கேட்டில் ஒரு கிலோப் பையை மாட்டிவிட்டு பஸ் ஏறுவேன்.

அடுத்த பருவத்தில் யாரும் சங்கத்தை விட்டுப் போகவில்லை. செயலாளரே தன் காட்டில் குதிரைவாலி போட்டார். அந்தப் பருவத்துக் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: மில்லுக்கு முறை வைத்து ஆளுக்கு ஒரு ஞாயிறு வரலாமா?

"ஒனக்குத்தான் மாப்ள பதம் தெரியும். நாங்க போனா தீட்டிப்புடுவோம்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது கேலி இல்லை, பாராட்டு. நானும் சிரித்தேன்.

கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு மதியம் நீங்கள் வீடியோ காலில் கூப்பிட்டீர்கள். மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பாதியில் நிறுத்தினால் அரைபட்டதும் படாததும் கலந்துவிடும். அதனால் செல்போனை மெஷின் பக்கம் திருப்பி, பழுப்பாக விழுந்துகொண்டிருந்த தானியத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டே இருந்தேன். திரும்பப் பார்த்தபோது திரையில் அம்மா மட்டும் இருந்தாள். நீங்கள் விளையாடப் போய்விட்டீர்கள் என்று கையால் சைகை காட்டினாள்.