யோகன் அண்ணையின் ஈர்க்கு

யோகன் அண்ணை போய்விட்டார்... நேற்று மத்தியானம், உடுப்பிட்டியில், வீட்டிலேயே.

கம்பஸில் எங்கள் லாப்பின் டெக்னிக்கல் ஆபிசர். சட்டைப் பையில் பேனையோடு எப்போதும் ஒரு தென்னோலை ஈர்க்கு இருக்கும்.

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த காலம். அதற்குப் பதிலாக ஸ்பிரிட்டைத் தட்டில் ஊற்றி எரித்தால் தீயிலிருந்து எவ்வளவு வெப்பம் வீசும் என்று மீட்டர் வைத்து அளப்பதுதான் என் ஆராய்ச்சி.

மண்ணெண்ணெய்த் தீயில் கரி மஞ்சளாகத் தகிக்கும், தள்ளி நின்றாலும் முகம் சுடும். ஸ்பிரிட்டில் கரி இல்லை. பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது... கிட்டப் போனாலும் பெரிதாகச் சுடாது.

அதற்குத்தான் அந்த ஈர்க்கு. தட்டுக்கு மேலே நீட்டுவார். நுனி பற்றினால் நெருப்பு இருக்கிறது.

"உம்மடை மீட்டரை நம்பாதையும் பிள்ளை" என்பார். நான் சிரிப்பேன். வெளிநாட்டு மீட்டர் அல்லவா!

கன்டீனில் ஒருநாள் தேத்தண்ணிக்குள்ளும் ஈர்க்கை விட்டுப் பார்த்தார். பழக்கதோஷமாம்.

பிறகு ஒருநாள், அவர் ஸ்டோருக்குப் போயிருந்தார். மீட்டர் முள் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தீ அணைந்துவிட்டது என்று நினைத்து, ஸ்பிரிட் கானைச் சரித்துத் தட்டில் ஊற்றினேன்.

குப்பென்று கானின் வாயில் பற்றியது. ஓடிவந்த அண்ணை என்னைத் தள்ளிவிட்டு, கானை வெறுங்கையால் பிடுங்கி வெளியே எறிந்தார். வலக்கை முழங்கை வரை எரிந்துபோனது.

விசாரணையில், தானே ஊற்றியதாகச் சொல்லிவிட்டார்.

"நீர் ஒண்டும் கதைக்காதையும் பிள்ளை. உமக்கு இன்னும் படிப்பு முடியேல்லை."

நான் கதைக்கவில்லை. படிப்பு முடிந்தது, பட்டமும் வந்தது. அவரை லாப்புக்குள் விடாமல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.

இன்று செத்தவீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரு நிமிஷம் கவனமில்லாமல் ஊத்திப்போட்டு, கையை எரிச்சுக்கொண்டு வந்து நிண்ட மனுசன். இவ்வளவு வருஷமும் அதைச் சொல்லிச் சொல்லியே ஏசிப்போட்டன் பிள்ளை."

வீட்டிலும் சொல்லவில்லை அவர்... சொந்த மனைவிக்குக்கூட.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெட்கங்கெட்ட தலை.

ஊற்றியது நான்.

அவருடைய மனைவி, அந்த அக்கா, முகநூலில் இல்லை. எட்டாம் நாள் படையல், எட்டுச்செலவுக்கு முன் நேரே போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை, அதனால்தான் முதலில் உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதிவைக்கிறேன்.

பெட்டியில் அந்தக் கையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். சட்டைப் பை வெறுமையாக இருந்தது.

போயிட்டு வாங்கோ அண்ணை.